கண்டல் தழைக்கும் நீரில் மிளகாய் கருகுவதேன்?

வேரின் மூச்சும் உவர்நீரும் பற்றிக் கமக்காரர் எழுப்பும் சில வினாக்கள்

கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு மிளகாய்த் தோட்டத்தின் வரப்பில் நின்று கிழக்கே நோக்கினால் புத்தளக் களப்புத் தோன்றும். அதன் ஓரத்தே கண்டல் மரங்கள் முழங்காலளவு உவர்நீரில் வளைந்த வேர்களை ஊன்றிக் கரும்பச்சை இலைகளுடன் செழித்து நிற்கின்றன. களப்புக்கு அக்கரையில் மீ ஓயாவின் நீரைப் பெறும் தாழ்நிலங்களிலே நெல் விளைகின்றது. இக்கரை மணற்றரையில் மிளகாயும் சின்ன வெங்காயமும் கிணற்று நீரை நம்பி வளர்கின்றன. ஒரே வெயில், ஒரே காற்று. ஆயினும் கண்டல் நிற்கும் நீரை நெல்வயலுக்குள் விட்டால் நெல் கருகும். நெல் நிற்கும் நன்னீரிலேயே மிளகாயை இரண்டு நாள் நிறுத்தினால் மிளகாய் வாடி மடியும். இதற்குக் காரணம் யாது?

இத்தகைய வினாக்கள் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் எழுந்து, விடை காணாமலே மறைந்துவிடுகின்றன. “மரம் உப்புத் தண்ணீரில் நின்றால் நமக்கென்ன, அண்ணே? மிளகாய்க்கு என்ன விலை என்று சொல்லும்” என்று பேச்சை மாற்றுவாரும் உளர். எனினும் மிளகாய் விளைச்சல் எத்தனை ஆண்டுக்கு நிலைக்கும் என்பது அந்த மரத்தைப் பற்றிய வினாவிலேதான் அடங்கியுள்ளது. கிணற்று நீர் ஆண்டுக்காண்டு கரிக்கத் தொடங்கியுள்ள தோட்டக்காரருக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நீரில் நின்று வாடும் செடி

பெருமழைக்குப் பின் களிமண் நிலத்தில் நீர் தேங்கினால், மிளகாய்ச் செடியின் இலைகள் நண்பகலில் தொங்கிவிடுகின்றன. கோடையில் நீரின்றி வாடிய செடியைப் போலவே அது காணப்படும். காலடியில் நீர் நிறைந்திருக்கவும் செடி தாகத்தால் வாடுவது விந்தையாகத் தோன்றலாம். உண்மையில் அச்செடிக்கு முதலில் நேர்ந்தது மூச்சுமுட்டலே. தாகம் அதன் பின்னரே வருகின்றது.

வேரும் உயிருள்ள உறுப்பு. அதுவும் ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. நல்ல தோட்ட மண்ணில் மணிகளுக்கிடையே உள்ள இடுக்குகளில் காற்று நிறைந்திருக்கும். வேர் அக்காற்றைச் சுவாசிக்கும். நீர் தேங்கியவுடன் இடுக்குகளெல்லாம் நீரால் அடைபடும். காற்றினூடே பரவுவதைக் காட்டிலும் நீரினூடே ஒட்சிசன் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகின்றது. எஞ்சியிருக்கும் சிறிதளவையும் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விரைவில் உண்டு தீர்த்துவிடும். மூச்சற்ற வேர்க்கலங்களினுள்ளே அமிலத்தன்மை மிகுகின்றது. அப்போது நீரை உள்ளே செலுத்தும் நுண்ணிய வாயில்கள் மூடிக்கொள்கின்றன. இதனைக் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றில் ஆராய்ந்து கண்டவர்கள் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள். அவர்களின் ஆய்வு 2003 ஆம் ஆண்டு வெளியாயிற்று. வாயில் மூடியபின் வெளியே ஆறே ஓடினும் செடிக்குப் பயனில்லை. வாடிய மிளகாய்க்கு மேலும் நீர் பாய்ச்சுவோர் சிலர் உண்டு. அது மூச்சுமுட்டியவன் வாயைத் துணியால் அடைப்பதற்கு ஒப்பாகும். அவ்வேளையில் செய்யத்தக்கது வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பதொன்றே.

அங்ஙனமாயின் நெல் எவ்வாறு உயிர் வாழ்கின்றது? வயலில் ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கிக் கழுவி, தடித்த வேரொன்றைக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டி நோக்குக. உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நன்று. வேரின் நடுவே நரம்பும் அதனைச் சுற்றி வெற்றுக் குழிகளும் தெரியும். இக்குழிகள் தண்டு, இலை வரை தொடரும் காற்றுக்குழாய்களாம். இலையிலிருந்து இறங்கும் காற்று இவற்றின் வழியே வேர்நுனியை அடைகின்றது. நெல் தன் வேருக்குத் தானே காற்றை அனுப்புகின்றது; மண்ணிடம் அதனை எதிர்பார்ப்பதில்லை.

நல்ல வயலில் வளர்ந்த நெல்வேரின் மேற்புறம் செம்பழுப்பு நிறமாக இருப்பதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். அது துருவேயன்றி வேறன்று. வேரிலிருந்து சிறிது ஒட்சிசன் வெளியே கசியுங்கால், சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறி வேரில் படிகின்றது. வேர் செம்பழுப்பாகவும் நுனி வெண்மையாகவும் இருப்பின் பயிர் நன்கு மூச்சுவிடுகின்றதென்று கொள்ளலாம். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் சேற்றில் நச்சுவாயு மிகுந்துவிட்டதென்பது பொருள். உக்காத வைக்கோலையும் பச்சிலையையும் அளவின்றிப் புதைத்து, நீரையும் வடிக்காது விட்ட வயல்களில் இந்நிலை நேரும். சில நாள்களுக்கு நீரை வடித்து நிலத்தைக் காற்றாட விடுதல் அதற்கு மருந்தாகும். பயிரின் இலையைப் பார்த்தே நோயறிய முயல்வதும், வேரை ஒருபோதும் பிடுங்கிப் பாராததும் எங்கும் காணப்படும் குறை.

சேற்றில் எழுந்து நிற்கும் மூச்சுவேர்கள்

அந்த அழுகிய முட்டை நாற்றத்தைக் களப்போரத்துச் சேற்றில் மிதித்தவர் எவரும் அறிவர். கடல்நீரில் உள்ள சல்பேற்று எனும் உப்பை, காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாற்றுவதே அந்நாற்றத்திற்குக் காரணம். கண்டல் மரம் வாழுமிடம் அத்தகையது. அங்கே வேருக்குக் காற்று மண்ணிலிருந்து கிடைக்க வழியேயில்லை.

அதற்கு ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு வழி கண்டுள்ளது. கண்டல் தன் தண்டிலிருந்து வில்போல் வளைந்த வேர்களை நீர்மட்டத்துக்கு மேலிருந்தே இறக்குகின்றது. கண்ணா எனவும் வெண்கண்டல் எனவும் வழங்கும் மரமோ, சேற்றினுள்ளிருந்து விரல் பருமனான வேர்களை நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி அனுப்புகின்றது. வெறுங்காலுடன் நடப்போரை வருத்தும் அக்கூர்களே மூச்சுவேர்கள். இரு வகை வேர்களின் தோலிலும் நுண்ணிய துளைகள் உண்டு; காற்றுப் புகும், நீர் புகாது.

இது வெறும் ஊகமன்று. நோர்வேயில் வளர்ந்து, பின்னர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஸ்கொலாண்டர் எனும் அறிஞரும் அவர்தம் துணைவரும் இதனை எளிய முறையில் மெய்ப்பித்து 1955 இல் வெளியிட்டனர். கண்டல் வேரின் துளைகளைக் கொழுப்புப் பூசி அடைத்துவிட்டு, சேற்றினுள் இருந்த பகுதியின் காற்றை எடுத்து அளந்தனர். ஒட்சிசனின் அளவு விரைந்து வீழ்ந்திருந்தது. ஒரு கைப்பிடி கொழுப்பும் பொறுமையும் கொண்டு தீர்க்கப்பட்ட வினா அது.

துளைகள் இடைவிடாது நீருள் மூழ்கியிருந்தால் கண்டலும் மூச்சடைத்து இறக்கும் என்பதைப் பலர் அறியார். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆதலால் கண்டலுக்கு ஏற்ற நிலம் ஒரு குறுகிய பட்டியாகவே அமைகின்றது. 1980 களிலிருந்து சிலாபம் தொடக்கம் புத்தளம் வரையுள்ள கரையில் இறால் வளர்ப்புக் குளங்களுக்காகக் கண்டற்காடுகள் வெட்டப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவிப் பேரிழப்பை ஏற்படுத்தியது. குளங்கள் பல கைவிடப்பட்டன. இழந்த காட்டை மீட்கும் முயற்சிகள் பின்னர்த் தொடங்கின. 2016 இல் சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பம்பலையில் கண்டற்காடுகளுக்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது. ஆயினும் நட்ட கன்றுகள் யாவும் பிழைத்தில. இலங்கையில் மீள்நடுகை நடைபெற்ற இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான அறிக்கை, மிகச் சில இடங்களிலேயே கன்றுகள் நன்கு நிலைத்தன எனக் கூறுகின்றது. நீர் வடியாத ஆழத்தில் நட்டது முக்கிய காரணங்களுள் ஒன்று. மரத்தின் பெயர் தெரிந்தால் போதாது, அது எவ்வாறு மூச்சுவிடுகின்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நண்டைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். வரப்பைத் துளைத்து நீரை வடித்துவிடும் நண்டைக் கமக்காரர் வெறுப்பது இயல்பே. ஆனால் கண்டற்சேற்றில் அதே நண்டின் வளைகள் காற்றையும் நீரையும் உள்ளே கொண்டுசெல்லும் வழிகளாகின்றன. அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்துக் கரையில் ஒரு பகுதியிலிருந்து நண்டுகளை அகற்றிப் பார்த்தபோது, சேற்றில் சல்பைட்டு மிகுந்து, மரங்களின் வளர்ச்சி குன்றியது. இவ்வாய்வு 1991 இல் வெளிவந்தது. தோட்டத்தில் மண்புழு செய்யும் தொண்டு களப்பில் நண்டின் பங்காகியுள்ளது. வயல் வரப்பில் மட்டும் நண்டின் நட்பை நாடாதிருப்பதே நல்லது.

உப்பை விலக்கும் கலை

வெள்ளரிக்காய்த் துண்டின்மேல் உப்புத் தூவினால் சற்று நேரத்தில் நீர் கசியும், துண்டு துவளும். ஊறுகாய் போடும் பெண்கள் யாவரும் அறிந்த செய்தி இது. உப்புச் செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் ஈர்க்கப்படுகின்றது. பிரசாரணம் என்று இதனைப் பாடநூல்கள் கூறும். வேருக்கு வெளியிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால், செடி நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழக்கும் நிலை வரும்.

ஓர் இலீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அமுக்கத்தை வெல்ல வேண்டும். மோட்டார்க் கார்ச் சில்லில் அடைக்கும் காற்றின் அமுக்கத்தைப் போல் இது பன்னிரண்டு மடங்கிற்குக் குறையாது. அதிலும் வறண்ட மாதங்களில் புத்தளக் களப்பின் தென்பகுதி நீர் கடல்நீரைக் காட்டிலும் கரிப்பதுண்டு. பாலாவியில் உப்பளங்கள் அமைந்ததும் இவ்வறட்சியின் பயனே. இத்தகைய நீரிலிருந்து கண்டல் எப்படி நன்னீரை எடுக்கின்றது?

முன்னர்க் கூறிய ஸ்கொலாண்டரே இவ்வினாவுக்கும் விடை தேடினார். வெட்டிய கிளையை ஓர் இரும்புக் கலத்தில் அடைத்து, வெட்டுவாயிலிருந்து சாறு எட்டிப் பார்க்கும்வரை வாயுவின் அமுக்கத்தை ஏற்றினார். இலை எவ்வளவு வலிமையுடன் நீரை இழுத்துக்கொண்டிருந்தது என்பது அதனால் தெரியவந்தது. 1965 இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, கண்டற்கிளைகள் கடல்நீரின் 25 வளிமண்டலத்தையும் விஞ்சும் இழுவையைக் கொண்டிருந்தன. வெயிலால் இலையிலிருந்து ஆவியாகும் நீரே இவ்விழுவையைப் பிறப்பிக்கின்றது. வேரின் உட்புறத்தில் மெழுகு போன்ற படையொன்று சல்லடையாக நின்று, நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்ட உப்பை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றது. எண்ணெயும் யந்திரமுமின்றி வெயிலைக் கொண்டே கடல்நீரை நன்னீராக்கும் ஆலை என்று கண்டலைக் கூறலாம்.

கண்ணா மரத்திற்கு வேறொரு வழியும் உண்டு. வேரைத் தாண்டி உள்ளே வந்த உப்பை அது இலையின் நுண்சுரப்பிகளால் வெளியேற்றுகின்றது. மழையற்ற நாளில் அதன் இலையை நாவால் தொட்டுப் பார்த்தால் கரிக்கும். உற்று நோக்கினால் உப்பு மணிகள் மின்னும்.

நெல்லின் வேரிலும் அத்தகைய சல்லடை உண்டு. ஆனால் அது ஓட்டையுள்ள சல்லடை. பக்கவேர் பிறக்கும் இடங்களில் உண்டாகும் சிறு பிளவுகளின் வழியே உப்புநீர் நேரே நரம்புக்குள் புகுந்துவிடுகின்றது. அங்ஙனம் புகுந்த சோடியம் முதிர்ந்த இலைகளில் சேர்ந்து, நுனியிலிருந்து கருகச் செய்யும். ஆகவே, நெல் மூச்சுக்கலையைக் கண்டலைப் போல் அறிந்தும், உப்பை விலக்கும் கலையை அரைகுறையாகவே அறிந்த பயிராகும். மிளகாய் இவ்விரண்டையும் அறியாதது.

கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைப்பது ஏன் என்ற வினாவையும் இங்கே சேர்த்து நோக்குதல் தகும். முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குவதைக் காயென்று எண்ணுவர். அது காயன்று, முளைத்துவிட்ட கன்று. சில இரண்டடி நீளமும் வளரும். உப்பைத் தாங்க இயலாத பச்சிளம் பருவத்தைத் தாயின் சாற்றை உண்டே கழித்து, உறுதி பெற்ற பின்னரே கன்று சேற்றில் விழுகின்றது.

நெற்செய்கையாளர் இதிலிருந்து பெறத்தக்க பயன் பெரிது. நெல்விதை முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட இளநாற்றாக இருக்கும்போது சிறிதும் தாங்காது. மட்டம் வெடிக்கும் காலத்தில் மீண்டும் உறுதி பெறும். கதிர் உருவாகிப் பூக்கும் காலத்தில் மறுபடியும் தளர்ந்து, பதராகும். ஆகையால் களப்பை அடுத்த உவர் வயல்களில் நேரே விதைப்பதைவிட, நன்னீர் கிடைக்கும் மேட்டில் நாற்றுமேடை அமைத்து, 25 முதல் 30 நாள் வரை வளர்ந்த நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நடுதல் நலம். கண்டல் தன் கன்றுக்குச் செய்வதையே நாற்றுமேடையில் நாம் செய்கின்றோம். பெரும்போகத்து மழைநீரைச் சில நாள் தேக்கி வடித்து உப்பைக் கழுவிய பின்னரே நட வேண்டும். பூக்கும் காலத்தில் வயல் வற்றாதிருக்கவும் வேண்டும். வற்றினால் அடியிலுள்ள உப்பு மேலேறும்.

நெல்லினங்களுள்ளும் வேறுபாடு உண்டு. கேரளக் கரையில் கடல்நீர் புகும் தாழ்வயல்களில் நெடுங்காலமாக விளைவிக்கப்படும் பொக்காளி நெல், சோடியம் இலைக்கு ஏறாமல் தடுக்கும் இயல்பில் சிறந்தது. அவ்வியல்புக்குரிய பகுதி நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ளதென்று அறியப்பட்டுள்ளது. இலங்கையில் அம்பலாந்தோட்டை நெல்லாராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.ரி. 354 எனும் மூன்றரை மாத இனம் உவர் நிலத்துக்கேற்றதெனக் கருதப்படுகின்றது. ஏற்றதெனில் கடல்நீரிலும் விளையுமென்பது பொருளன்று. எந்த நெல்லும் கண்டலாகாது.

பயிர்கள் உப்பைத் தாங்கும் எல்லையை அமெரிக்க நாட்டு அறிஞர் மாஸ், ஹொவ்மன் ஆகியோர் தொகுத்து 1977 இல் வெளியிட்டனர். மண்ணின் ஈரச்சாற்றில் மின்கடத்துதிறனை அளந்து, எந்த அளவுக்கு மேல் விளைச்சல் குறையத் தொடங்கும் என அவர்கள் காட்டினர். மீற்றருக்குத் தெசிசீமன் எனும் அலகில், போஞ்சிக்கு 1.0, வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3.0, பீற்றூட்டுக்கு 4.0 என்பன அவ்வெல்லைகள். கடல்நீரின் அளவோ ஏறத்தாழ 50. கற்பிட்டித் தோட்டங்களில் மிகுதியாகச் செய்யப்படும் வெங்காயமும் மிளகாயும் இவ்வரிசையில் எவ்விடத்தில் உள்ளன என்பதைக் கவனிக்க.

கிணற்றுக்கு அடியில் இருப்பது யாது?

குடாநாட்டின் மணலுக்கடியில் உள்ள நன்னீர், மழையால் வந்ததே. மேற்கே கடல், கிழக்கே களப்பு, இரண்டும் உவர். அடியிலும் உவர்நீரே. நன்னீர் இலேசானதாகையால் உவர்நீரின்மேல் எண்ணெய் போல் மிதந்து, வில்லையின் வடிவில் நிற்கின்றது. இவ்விரண்டின் எடை வேறுபாட்டைக் கொண்டு, கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே சுமார் நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் எனக் கணக்கிடலாம். ஒல்லாந்து நாட்டுப் படைப் பொறியியலாளரான பாடொன் கைபென் 1888 ஆம் ஆண்டை அடுத்தும், செருமானியரான ஹெர்ஸ்பேர்க் 1901 இலும் இவ்விதியைத் தனித்தனியே கண்டறிந்தனர்.

இக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. யந்திரம் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி நிலையாகத் தாழ்த்தினால், உவர்நீர் கீழிருந்து நாற்பதடி மேலேற முற்படும். இரு நீரும் கலக்கும் இடைப்படை இருத்தலால் கணக்குத் துல்லியமாகப் பொருந்தாது. ஆயினும் போக்கு இதுவே. துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. யந்திரத்துக்குக் களைப்பில்லை. எனவே, உவர் அஞ்சிக் கிணற்றை மேலும் ஆழமாக்குவது பிழை. ஆழமாக்குந்தோறும் உவரை நெருங்குகின்றோம். ஆழங்குறைந்த கிணறுகள் இரண்டிலிருந்து சிறிது சிறிதாக இறைப்பது, ஓர் ஆழ்கிணற்றை ஒரே மூச்சில் வற்றச் செய்வதிலும் மேலானது.

இறைத்த நீரிலுள்ள உப்பு எங்கே போகின்றது என்பதும் கேட்கத்தக்க வினா. பாலாவி உப்பளத்தில் பாத்தி கட்டி நீர் விட்டு, வெயிலில் நீரை வற்றச் செய்து உப்பை எடுக்கின்றனர். தோட்டக்காரரும் பாத்தி கட்டி நீர் விட்டு வெயிலில் வற்றச் செய்கின்றார். உப்பை மட்டும் எடுப்பதில்லை! ஓர் இலீற்றரில் ஒரு கிராம் உப்புள்ள நீரை நாவு பெரிதாகப் பொருட்படுத்தாது. ஒரு போகத்தில் அந்நீரை அரை மீற்றர் ஆழ அளவுக்கு ஓர் ஏக்கரில் பாய்ச்சினால், நிலத்தில் சேரும் உப்பு இரண்டு தொன்னாகும். ஐப்பசி, கார்த்திகை மாரி அதனைக் கழுவுகின்றது. மாரி பொய்த்த ஆண்டில் அது அங்கேயே தங்கும். வரம்பின் உச்சியில் வெண்மை படிவதைக் கண்டால், செடியை உச்சியில் நடாது சரிவில் நடுக. உச்சியில்தான் நீர் இறுதியாக ஆவியாகி உப்பை விட்டுச்செல்கின்றது. வைக்கோல் அல்லது தென்னோலை கொண்டு மண்ணை மூடுவதும், மாலையில் நீர் பாய்ச்சுவதும் ஆவியாதலைக் குறைத்து இறைப்பையும் குறைக்கும்.

உப்பைவிட மறைவான வேறொன்றும் அக்கிணற்றில் இறங்குகின்றது. யூரியாப் பசளையிலுள்ள நைதரசன் சில நாள்களில் நைத்திரேற்றாக மாறும். மணலுக்கு அதனைப் பிடித்து வைக்கும் ஆற்றலில்லை. மிகையாகப் பாய்ச்சிய நீருடன் அது கீழிறங்கி, குடிநீரும் அதுவேயான நன்னீர் வில்லையில் சேர்கின்றது. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று உள்ளதென ஆய்வுகள் காட்டியுள்ளன. அது நிறமற்றது, மணமற்றது. கொதிக்க வைத்தால் நீங்காது. நீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும். புட்டிப்பாலை இந்நீரில் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டினால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தையின் உடல் நீலம்பாரிக்கலாம். வேருக்கு மூச்சு வேண்டுமென்று தொடங்கிய பேச்சு குழந்தையின் மூச்சில் வந்து நிற்கின்றது.

ஆதலால் மணற்றரையில் பசளையை ஒரே முறையில் கொட்டாது, சிறு அளவுகளாகப் பிரித்துப் பயிர் உண்ணும் காலமறிந்து இடுக. உக்கிய எருவும் கூட்டெருவும் மணலுக்குப் பிடிப்பைத் தரும். நைத்திரேற்றை வளிமண்டலத்து நைதரசனாக மாற்றி அனுப்பும் நுண்ணுயிர்கள், காற்றில்லாச் சேற்றிலேயே வாழ்கின்றன. களப்போரத்துக் கண்டற்சேறு நாறினாலும் அத்தொண்டைச் செய்கின்றது. மணற்றோட்டத்தில் அவை பெரிதும் இல்லை. நெல்வயலின் சேற்றிலும் அவை உண்டு. நைத்திரேற்று வகைப் பசளையை நெல்லுக்கு இடுவது வீண்செலவாக முடிவது இதனாலேயாம்.

மிளகாய் விதையும் கடல்நீரும்

உப்பைச் சிறிதும் தாங்காத மிளகாயைப் பற்றி ஒரு விந்தை. 1855 இல் சார்ள்ஸ் டார்வின், விதைகள் கடலில் மிதந்து தீவுகளை அடையக்கூடுமா என்று அறிய விரும்பினார். சிறு போத்தல்களில் உப்புநீர் நிரப்பி விதைகளை ஊறப்போட்டார். முடிவுகளைத் தோட்டக்காரர் படிக்கும் வாரத்தாள் ஒன்றில் வெளியிட்டார். விதைகள் உடனே செத்துவிடும் என்று எண்ணிய நண்பர் ஊக்கர் என்பாரைத் தந்தையார் வென்றுவிடுவாரா என டார்வினின் பிள்ளைகள் ஆவலுடன் கேட்டனராம். 87 வகை விதைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பின்னும் முளைத்தன. 137 நாள் ஊறியும் மிகச் சிறப்பாகத் தாங்கியது மிளகாய் இன விதையே. 56 விதைகளில் 30 முளைத்தன.

நான்கரை மாதம் உப்புநீரில் கிடந்து பிழைக்கும் விதையிலிருந்து வந்த செடி, சற்றே கரிக்கும் கிணற்று நீருக்குத் தளர்வதேன்? விதை உறங்குகின்றது. அதற்குப் பெரிதாக மூச்சும் வேண்டாம், நீரோட்டமும் வேண்டாம். செடியோ பகல் முழுதும் நீரை இழுத்து இலையால் ஆவியாக்குகின்றது. நீர் போக, அதனுடன் வந்த உப்பு இலையில் தங்குகின்றது. ஆகையால் விதை நன்கு முளைத்ததைக் கண்டு நீர் நல்லதென்று முடிவு செய்தல் ஆகாது.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மிளகாய் விதையிலிருந்து இருபது இருபதாக எண்ணி மூன்று தட்டுகளில் ஈரத்துணிமேல் இடுக. முதலாவதற்கு மழைநீர், இரண்டாவதற்குக் கிணற்று நீர், மூன்றாவதற்கு மழைநீர் ஒன்பது பங்கும் களப்பு நீர் ஒரு பங்கும். பதினான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணிக் குறிக்க. பின்னர் அந்நாற்றுகளை, அடியில் துளையிட்டு மணல் நிரப்பிய தகரப் பேணிகளில் நட்டு, அவற்றுக்குரிய நீரையே ஊற்றி, எட்டு இலை விடும்வரை வளர்த்திடுக. உயரத்தையும், முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகுகின்றதா என்பதையும் வாரம் ஒருமுறை குறித்தல் வேண்டும். மாரி முடிந்த தை மாதத்தில் ஒருமுறையும், வறட்சி முற்றிய ஆவணியில் ஒருமுறையும் இதனைச் செய்து, இரு குறிப்புகளையும் அருகருகே வைத்து நோக்குக. கிணற்று நீரின் மின்கடத்துதிறனையும் அவ்விரு மாதங்களில் அளந்து அக்குறிப்பேட்டிலேயே எழுதி வைக்கலாம். அளக்கும் வகையைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.